செயல்பாட்டு மேலாண்மை அடிப்படைப் பயிற்சி: வரிசைப் பாடம் அபாரம், தரப் பாடம் ஏமாற்றம்

இயந்திரப் பாகங்கள் கடைந்து தரும் ஆலையில் உற்பத்தித் திட்டமிடல் என் வேலை. எந்த ஆர்டர் எந்த இயந்திரத்துக்கு எப்போது போக வேண்டும் என்று பட்டியல் போடுவதும், அந்தப் பட்டியல் குலைந்தால் பதில் சொல்வதும் என் பொறுப்பு. செயல்பாட்டு மேலாண்மையின் அடிப்படைகளைச் சொல்லித்தரும் இந்த இணையவழிப் பயிற்சியில் சேர்ந்தபோது, மறுநாள் ஷிப்டில் இது கைகொடுக்குமா என்பதை மட்டுமே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். பாதிக்கு மேல் கைகொடுத்தது. ஒரு பாடம் மட்டும் கெடுதல் செய்யக்கூடியது. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். பெரும்பாலான பயிற்சிகள் ஃபோர்டின் 1913-ஆம் ஆண்டு நகரும் அசெம்பிளி வரிசையில் தொடங்கி வரலாற்றிலேயே நேரத்தைக் கழித்துவிடும். இவர்கள் அதைச் சில நிமிடங்களில் முடித்துவிட்டு நேரே லிட்டில் விதிக்கு வந்துவிடுகிறார்கள். 1961-இல் ஜான் லிட்டில் நிரூபித்த எளிய உறவு அது: உள்ளே இருக்கும் சரக்கின் அளவு, வெளியேறும் வேகத்தையும் உள்ளே தங்கும் சராசரி நேரத்தையும் பெருக்கினால் கிடைப்பதற்குச் சமம். தரையில் பாகங்கள் அடுக்கிய 240 டிரே நிற்கிறது, நாளொன்றுக்கு 40 டிரே முடிந்து போகிறது என்றால், இன்று உள்ளே வரும் டிரே வெளியேறச் சராசரியாக 6 நாள் ஆகும். ஆசிரியர் இதை ஒரே ஒரு தண்டின் பயணத்தை வைத்து விளக்குகிறார். லேத், துளையிடுதல், வெப்பப் பதப்படுத்தல், கிரைண்டிங் என்று ஒவ்வொரு நிலையாகக் காட்டி, தண்டின் மீது உண்மையில் வேலை நடக்கும் நேரத்தைச் சிவப்பிலும் அது சும்மா காத்திருக்கும் நேரத்தைச் சாம்பலிலும் தீட்டுகிறார். கோடு முழுக்கச் சாம்பல்தான். ஆளை விரட்டி வேலையை வேகப்படுத்துவதைவிடத் தரையில் நிற்கும் டிரேக்களைக் குறைப்பது ஏன் பலன் தரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

அடுத்து வரும் வரிசைப் பாடம், அதாவது வேலைகள் இயந்திரத்துக்காகக் காத்திருக்கும் வரிசையைப் பற்றிய பாடம்தான் இந்தப் பயிற்சியின் உச்சம். இயந்திரம் ஒன்று, வேலைகள் முன்பின்னாக வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரமும் ஏறி இறங்குகிறது. இப்படிப்பட்ட அடிப்படை வரிசை மாதிரியில் இயந்திரத்தை 80 சதவீத நேரம் ஓட்டினால், ஒரு வேலை தன் முறைக்காகச் சராசரியாக 4 வேலைகளுக்கான நேரம் காத்திருக்கும். 90 சதவீதத்தில் அது 9 ஆகும். 95 சதவீதத்தில் 19. ஓட்டம் கொஞ்சம்தான் கூடுகிறது, காத்திருப்போ எகிறுகிறது. இயந்திரம் பத்து நிமிடம் சும்மா நின்றாலே கொதித்துப்போகும் மேலாளர்கள் அனைவரும் இந்த ஒரு வீடியோவையாவது பார்க்க வேண்டும். மொத்த ஓட்டத்தின் வேகத்தையும் கட்டிப்போடும் இயந்திரத்தைத்தான் பாட்டில்நெக் என்கிறோம். அது அல்லாத இயந்திரம் ஓய்ந்து நிற்பது நஷ்டமில்லை. அதை ஓட்டியே தீர வேண்டும் என்று சரக்கைக் குவிப்பதுதான் நஷ்டம். ஆசிரியர் இதைத் தயங்காமல் சொல்கிறார். அதற்காகவே அவரைப் பாராட்டுகிறேன்.

இருப்பு மேலாண்மை பாதிக் கிணறு தாண்டிய பாடம். ஒரு முறைக்கு எவ்வளவு ஆர்டர் போட்டால் செலவு குறையும் என்று சொல்லும், ஃபோர்டு ஹாரிஸ் 1913-இல் வெளியிட்ட சிக்கன ஆர்டர் அளவுச் சூத்திரத்தை நன்றாக நடத்துகிறார்கள். தேவை, ஒரு முறை ஆர்டர் போட ஆகும் செலவு, ஒரு பொருளை வைத்துப் பராமரிக்கும் செலவு என்று மூன்றையும் எடுத்துக்கொண்டு வர்க்கமூலம் காண வேண்டும். விடையை விட 50 சதவீதம் அதிகமாக ஆர்டர் போட்டாலும், ஆர்டர் செலவும் பராமரிப்புச் செலவும் சேர்ந்து சுமார் 8 சதவீதம்தான் கூடும் என்று வளைகோட்டில் காட்டுவது அருமை. தசமப் புள்ளி வரை கணக்குப் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம் என்ற நிம்மதி கிடைக்கிறது.

ஆனால், ஆர்டர் செலவை மாறாத எண்ணாகவே வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எங்களைப் போன்ற ஆலையில் அந்தச் செலவு என்பது செட்டிங் நேரம்தான், அதாவது அடுத்த வேலைக்காக இயந்திரத்தைத் தயார் செய்யும் நேரம். அதை நான்கில் ஒரு பங்காகக் குறைத்தால் ஒரே தடவையில் செய்யும் சிக்கனமான தொகுதியின் அளவு பாதியாகிவிடும். டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ்ஸின் டை (அச்சு) மாற்றத்துக்கு ஆன நான்கு மணி நேரத்தை மூன்று நிமிடமாகச் சுருக்கியதை ஷிகேயோ ஷிங்கோ பதிவு செய்திருக்கிறார். இயந்திரம் நிற்கும்போது மட்டுமே செய்யக்கூடிய வேலைகளையும், ஓடும்போதே முன்கூட்டிச் செய்து வைக்கக்கூடிய வேலைகளையும் பிரித்ததுதான் அதன் அடிப்படை. இதற்கு ஒரு முழுப் பாடம் கொடுத்திருக்க வேண்டும். ஒரே ஒரு ஸ்லைடில் பெயரைச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள்.

இனி தரப் பாடம். 1924-இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வால்டர் ஷூஹார்ட் உருவாக்கிய கட்டுப்பாட்டு வரைபடத்தைக் காட்டுகிறார்கள். அளவீடுகளை வரிசையாகப் புள்ளி வைத்து, இயந்திரம் வழக்கத்திலிருந்து விலகுகிறதா என்று பார்க்கும் படம் அது. காட்டும்போது மேல் வரம்பு, கீழ் வரம்பு என்று அவர்கள் இழுத்திருப்பது வாடிக்கையாளர் கொடுத்த டாலரன்ஸ் (அளவில் அவர் அனுமதிக்கும் விலகல்) கோடுகளை! இதைச் சிறு பிழை என்று விட முடியாது. கட்டுப்பாட்டு வரம்பு இயந்திரத்தின் சொந்த அளவீடுகளிலிருந்து கணக்கிட்டு வர வேண்டும்; வாடிக்கையாளரின் விருப்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 25 மில்லிமீட்டர் தண்டுக்கு டாலரன்ஸ் ±0.05, இயந்திரத்தின் இயல்பான ஊசலாட்டம் ±0.01 என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டும் கருவி தேய்ந்து அளவு 0.03 வரை ஏறினாலும் டாலரன்ஸ் கோடு போட்ட வரைபடம் வாய் திறக்காது. முறையாக வரைந்த வரைபடம் அதற்கு வெகு முன்பே எச்சரித்திருக்கும். போதாக்குறைக்கு, அவர்கள் புள்ளியாக வைப்பது ஐந்து தண்டுகளின் சராசரியை. டாலரன்ஸ் பொருந்துவதோ தனித் தண்டுக்கு. சராசரியின் ஊசலாட்டம் எப்போதும் குறைவு என்பதால், சராசரி கோட்டுக்குள் நிற்கும்போதே கழிவாகப் போகும் தண்டுகள் இருக்கலாம். பயிற்சி நடத்துவோருக்கு இதை விளக்கி எழுதினேன். நன்றி சொல்லிப் பதில் வந்தது. வீடியோ இன்னும் அப்படியே இருக்கிறது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் இதைப் பார்த்து வரைபடம் போடப் போகிறார்களே என்பதுதான் என் கவலை.

தேவையை முன்கணிக்கும் பகுதி பரவாயில்லை. பராமரிப்பு பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. தேர்வில் வரையறைகளை மட்டுமே கேட்கிறார்கள். நாலு இயந்திரங்களின் நேரத்தைக் கொடுத்து எது பாட்டில்நெக் என்று கேட்டிருந்தால் கற்றது தெரிந்திருக்கும்.

திட்டமிடல், ஸ்டோர்ஸ், அனுப்புகைப் பிரிவுகளில் இருப்பவர்கள் தாராளமாகச் சேரலாம். ஆய்வுப் பிரிவினர் தரப் பாடத்தை வேறெங்காவது படித்துக்கொள்ளுங்கள். பயிற்சியோடு தரும் வரிசைக் கணக்கு விரிதாளை மறக்காமல் இறக்கிக்கொள்ளுங்கள். வாராந்தரப் பட்டியல் போடும்போது நான் இப்போதும் அதைத் திறக்கிறேன். செட்டிங் நேரத்துக்கு அதில் இடமில்லை. தனியாக ஒரு நெடுவரிசை சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.