வால்டோபியாதேனே ப்ரொசெக்கோ: ப்ரூட்டா, எக்ஸ்ட்ரா ட்ரையா?

குமிழியிடும் இத்தாலிய ஒயினான ப்ரொசெக்கோவில், ஒரே தயாரிப்பாளரின் இரண்டு புட்டிகளை அடுத்தடுத்த மாலைகளில் திறந்து சுவைத்தேன். வடகிழக்கு இத்தாலியின் வெனெட்டோ பிராந்தியத்தில், கொனெல்யானோவுக்கும் வால்டோபியாதேனேவுக்கும் இடையே உள்ள செங்குத்தான குன்றுகளில் விளையும் க்ளேரா திராட்சையிலிருந்து செய்யப்பட்ட இவ்விரண்டும் இத்தாலிய ஒயின்களுக்கான மிக உயர்ந்த தரச்சான்றான டி.ஓ.சி.ஜி. பெற்றவை. இனிப்பின் அளவைக் குறிக்கும் லேபிள் பெயர்களின்படி ஒன்று ‘ப்ரூட்’, மற்றது ‘எக்ஸ்ட்ரா ட்ரை’.

ஒயின் பேச்சில் ‘ட்ரை’ என்றால் இனிப்பற்றது என்பதால், எக்ஸ்ட்ரா ட்ரை என்ற பெயரைப் பார்த்ததும் இனிப்பே இல்லாத வகை இதுதான் என்று எண்ணத் தோன்றும். முதல்முறை நானும் அப்படி நம்பித்தான் வாங்கினேன். உண்மையில் ப்ரூட் வகையில் லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவாகவே சர்க்கரை இருக்கும். எக்ஸ்ட்ரா ட்ரையில் அது 12 முதல் 17 கிராம் வரை. வெறும் ‘ட்ரை’ என்று அச்சிட்டிருந்தால் 17 முதல் 32 கிராம் வரை.

நன்கு குளிர்ந்த நிலையில் எக்ஸ்ட்ரா ட்ரை மனத்தைக் கவர்ந்துவிடுகிறது. பழுத்த பேரிக்காயின் மணமும் வெண்பூக்களின் வாசமும் முந்திக்கொண்டு எழ, நுரை நாவில் மென்மையாகப் படர்கிறது. ஆனால் கோப்பையில் கால் மணி நேரம் இருந்து குளிர்ச்சி தணிந்ததும் இனிப்பு தனித்துத் துருத்திக்கொண்டு நிற்கிறது. ப்ரூட் அவ்வளவு எளிதில் இணங்குவதில்லை; பச்சை ஆப்பிளின் புளிப்போடு தொடங்கி, பாதாம் தோலைக் கடித்தாற்போன்ற மெல்லிய கசப்பில் முடியும் அதன் சுவை, கடைசி மிடறு வரை நிலை குலையவில்லை. என் தேர்வு ப்ரூட்தான். உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை இறைச்சியான ப்ரொஷூட்டோவோடு மட்டும் எக்ஸ்ட்ரா ட்ரைக்கு முதலிடம் தருவேன்.

இந்தப் பழமணத்துக்குக் காரணம் செய்முறை. ஷாம்பெய்னில் குமிழிகளை உண்டாக்கும் இரண்டாம் நொதித்தல் புட்டிக்குள்ளேயே நடந்து, ஒயின் நெடுங்காலம் ஈஸ்ட் படிவின் மேல் கிடப்பதால் ரொட்டியின் வாசம் ஏறுகிறது. ப்ரொசெக்கோவிலோ பெரும்பாலும் அது அழுத்தம் தாங்கும் எஃகுத் தொட்டியில் சில வாரங்களில் முடிந்துவிடுவதால், திராட்சையின் இயல்பான மணம் மங்காமல் புட்டிக்குள் வந்துசேர்கிறது. இத்தாலிய ஒயின் ஆய்வாளர் ஃபெடரிகோ மார்ட்டினொட்டி 1895இல் காப்புரிமை பெற்ற முறையின் வழிவந்தது இது.

அந்த மணம் நெடுநாள் தங்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். முன்பொரு கடையில் அறுவடை முடிந்து நான்கு ஆண்டுகளான புட்டியை முழு விலைக்கு விற்றார்கள். குமிழிகள் எழுந்தன, ஆனால் வேகவைத்துப் போட்ட ஆப்பிளின் சோர்ந்த வாசம்தான் மிஞ்சியிருந்தது. லேபிளில் அறுவடை ஆண்டு இருந்தால் அதைப் பார்த்து, இரண்டு ஆண்டுகளுக்குள் குடித்துவிடுவது நல்லது. ஒடுங்கிய நீள் கோப்பையையும் தவிர்க்கலாம். நடுவில் சற்று அகன்ற கோப்பைக்கு மாற்றியபோதுதான் ப்ரூட்டின் பூவாசமே எனக்குத் தெரிந்தது.