ஜிகினா ஒட்டிய மூன்றரை வருடம்: மியூசியம் வகுப்பும் வீட்டு மேசையும்

மகளை முதன்முதலில் மியூசியம் ஓவிய வகுப்பில் சேர்த்தபோது அவளுக்கு நான்கு வயது. இப்போது ஏழரை. தம்பி அவளைவிட இரண்டு வயது இளையவன்; அவனும் நான்கு வயதில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. இடையில் ஒரு மியூசியத்தை விட்டு இன்னொன்றுக்கு மாறினோம். வீட்டில் ஒரு மேசை நிரந்தரமாக நாசமாகிவிட்டது. சோபாவின் மடிப்புகளில் இன்றைக்கும் ஜிகினா மின்னுகிறது. பணம் கட்டலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்கு இந்த அனுபவம் உதவலாம்.

முதல் வகுப்பைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். மியூசியத்தின் பின்பக்கம் ஓர் அறை, பன்னிரண்டு பிள்ளைகள், ஒரு மணி நேரம். ஆசிரியர் எல்லாவற்றையும் முன்கூட்டியே வெட்டி வைத்திருப்பார்: ஆந்தையின் உடம்பு, இறக்கை, மூக்கு, இரண்டு கண். பிள்ளைகள் சொன்ன இடத்தில் ஒட்ட வேண்டும். முடியும்போது பன்னிரண்டு ஆந்தைகளும் ஒரே முகமாக இருக்கும். எங்கள் ஆந்தைக்குக் கண் ஒட்டியது நான்தான். கீழே விழுந்துவிடக் கூடாது என்று பக்கத்தில் நின்ற பெற்றோர் எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். இரண்டு பருவம், இருபது வாரம் போனோம். அத்தனை வாரத்தில் ஒருமுறைகூட பிள்ளைகளைக் காட்சிக்கூடத்துக்குள் அழைத்துப் போகவில்லை. அதே ஆந்தையை வீட்டிலேயே செய்திருக்கலாம் என்று எனக்கு உறைக்க ஐந்து மாதம் ஆனது.

அங்கே இன்னொரு வழக்கம் இருந்தது. முடித்த பிள்ளைக்கு ஒரு தங்க நட்சத்திரம். பார்க்க ஒன்றுமில்லாத விஷயம்தான். ஆனால் சில வாரங்களில் மகள் வீட்டில் வரைந்ததையும் தூக்கிக்கொண்டு வந்து "ஸ்டார் எங்கப்பா?" என்று கையை நீட்ட ஆரம்பித்தாள். நான் கொடுக்காவிட்டால் அடுத்த தாளை எடுப்பதில்லை. 1973-இல் உளவியலாளர் மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும் மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு ஒன்று உண்டு. பிள்ளைகள் ஏற்கெனவே விரும்பி வரைகிறவர்கள். "வரைந்தால் சான்றிதழ் தருகிறோம்" என்று முதலிலேயே சொல்லி வரைய வைக்கப்பட்டவர்கள், ஒன்றிரண்டு வாரம் கழித்து ஸ்கெட்ச் பேனாக்கள் சும்மா கிடந்தபோது, மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். இதை நான் படித்தது பிறகுதான். ஆனால் படிக்கும்போது எங்கள் வீட்டுக் கூடத்தைப் பற்றி யாரோ எழுதியதுபோல் இருந்தது. நட்சத்திரத்தை மறக்கடிக்க இரண்டு மாதம் பிடித்தது.

இரண்டாவது வகுப்பு வேறு ரகம். ஒன்றரை மணி நேரம். முதல் இருபத்தைந்து நிமிடம் காட்சிக்கூடத்தில், ஒரே ஒரு படத்தின் முன்னால், தரையில் உட்கார்ந்து. பிறகுதான் மேசைக்குப் போவார்கள். முதல் நாள் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான்கு வயதுப் பிள்ளைகள் ஒரு படத்தின் முன் இருபத்தைந்து நிமிடமா? நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001-இல் வெளியான ஆய்வில், பெரியவர்கள் ஓர் ஓவியத்துக்குத் தந்த நேரம் சராசரியாக 27 வினாடி; பாதிப் பேர் 17 வினாடியைத் தாண்டவில்லை. என் கணக்கும் அதற்குள்தான் இருந்திருக்கும். படத்தைவிடப் பக்கத்துப் பலகையில் எழுதியிருப்பதை அதிக நேரம் படிக்கிற ஆள் நான்.

ஆசிரியர் பெயரும் சொல்லவில்லை, வருடமும் சொல்லவில்லை. "இதுல என்ன நடக்குது?" என்றார். ஒரு பிள்ளை ஏதோ சொன்னதும், "எதைப் பார்த்து அப்படிச் சொல்ற?" பிறகு, "இன்னும் என்ன தெரியுது?" இந்த மூன்றையே சுற்றிச் சுற்றிக் கேட்டார். எந்தப் பதிலையும் சரி என்றோ தப்பு என்றோ சொல்லவில்லை. சொன்னதைத் தன் வார்த்தையில் ஒருமுறை திருப்பிச் சொல்லி, படத்தில் அந்த இடத்தை விரலால் காட்டினார், அவ்வளவுதான். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவை நடத்திய பிலிப் யெனவைனும் உளவியலாளர் அபிகெய்ல் ஹவுசனும் சேர்ந்து உருவாக்கிய முறை இது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான். என் மகள் ஒரு பெண்ணின் உருவப்படத்தைப் பார்த்து, "அவங்க யாருக்காகவோ காத்துட்டு இருக்காங்க" என்றாள். எதைப் பார்த்து என்று கேட்டதற்கு, "செருப்பக் கழட்டவே இல்லையே" என்றாள். படத்தின் கீழ் மூலையில் செருப்பு இருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

மூன்று கேள்வியில் நடுக்கேள்விதான் உயிர். வீட்டிலும் அதன் சாரத்தைத்தான் கடன் வாங்கினோம்: கண்ணுக்குத் தெரிவதைப் பற்றியே பேசுவது. அதற்கு முன்னால், அவள் வரைந்ததைக் காட்டினால் என் வாயில் முதலில் வருவது "இது என்ன?" என்பதுதான். மூன்று வயதுக் கிறுக்கலுக்கு அந்தக் கேள்வி பொருந்தாது. குழந்தை ஓவியங்களை ஆராய்ந்த ரோடா கெல்லாக் என்பவர் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தை ஓவியங்களைத் திரட்டி, கிறுக்கல்களையே இருபது அடிப்படை வகையாகப் பிரித்தார். புள்ளி, நேர்கோடு, வளைவு, சுருள் என்று கை தானே கற்றுக்கொள்கிற அசைவுகள் அவை. அதில் "என்ன" என்று ஒன்று இல்லை. நாம் கேட்கிறோமே என்று பிள்ளை "நாய்" என்று சொல்லிவைக்கும். நாளைக்கு அதுவே "மாமா" ஆகிவிடும். இப்போதெல்லாம் "இங்க ரொம்ப அழுத்தி வரஞ்சிருக்கியே" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மீதியை அவர்களே சொல்கிறார்கள், சில நாள் அரை மணி நேரத்துக்கு.

தலையிலிருந்தே கால் முளைத்த மனிதர்களையும் திருத்தக் கூடாது என்பதை இங்கேயே சேர்த்துவிடுகிறேன். நான் ஒருமுறை "வயிறு எங்கடா?" என்று தம்பியிடம் கேட்டேன். அன்று முழுக்க அவன் மனிதர்களே வரையவில்லை; எல்லாம் லாரி. சில மாதம் கழித்து வயிறு தானாக வந்தது, தொப்புளோடு.

தம்பி விஷயத்தில் எனக்கு ஒரு குற்ற உணர்ச்சி உண்டு. அவனுக்கு வெட்ட வரவில்லை. கத்தரிக்கோலைப் பிடித்தால் தாள் மடிந்து நடுவில் சிக்கிக்கொள்ளும், அவன் தூக்கி எறிவான். ஆறு மாதம் "பொறுமை இல்லாத பையன்" என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் ஆசிரியர்தான் சொன்னார்: "சார், இவன் இடது கை. கத்தரிக்கோல் வலது கைக்காரங்களுக்கானது." வலது கைக் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால், கை அமுக்கும் விதத்தில் இரண்டு அலகும் நெருங்காமல் விலகிப் போகும். மேல் அலகு வெட்டுகிற கோட்டை மறைத்தும்விடும். இடது கைக்கென்றே அலகுகளை மாற்றிப் பூட்டிய கத்தரிக்கோல் இருக்கிறது. அதை வாங்கிக் கொடுத்த வாரமே அவன் வட்டம் வெட்டினான். உங்கள் பிள்ளை எந்தக் கையால் கிரேயானை எடுக்கிறது என்று ஒரு வாரம் கவனித்துவிட்டுக் கத்தரிக்கோல் வாங்குங்கள்.

அவன் வெட்டத் தொடங்கிய சமயத்தில் வகுப்பில் பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ் பாடமாக வந்தார். வயதான காலத்தில் உடம்பு ஒத்துழைக்காமல், வண்ணம் பூசிய தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டிப் படம் செய்தவர். 1953-இல் அவர் செய்த 'நத்தை' கிட்டத்தட்ட மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர். ஆசிரியர் அந்த அளவுக்குத் தரையில் நாடா ஒட்டிக் காட்டினார். பிள்ளைகள் எல்லோரும் அதற்குள் படுத்துப் பார்த்தார்கள். அச்சுப் படத்தில் உள்ளங்கை அளவுக்குப் பார்த்துவிட்டு அதைப் பற்றிப் பேசுவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! வீட்டில் நாங்கள் செய்ததும் அதே வரிசையில்தான்: ஒரு நாள் தாள்களுக்கு வண்ணம் பூசிக் காயவைப்பது, இன்னொரு நாள் வெட்டுவது, மூன்றாம் நாள் ஒட்டுவது. மூன்றையும் ஒரே மாலையில் செய்யப் பார்த்தால் ஈரத்தாள், அழுகை, எட்டு மணி. இந்த ஒன்றை மட்டும் எங்கள் வீட்டில் முப்பது தடவையாவது செய்திருப்போம், இன்னும் அலுக்கவில்லை.

தொடக் கூடாது என்பதை எப்படிச் சொல்வது? தம்பி ஒருமுறை கயிற்றுக்கு அப்பால் கை நீட்டி, அலாரம் அலறி, காவலர் ஓடிவந்து, எனக்கு முகம் சிவந்துபோன நாள் ஒன்று உண்டு. அதற்கு அடுத்த வாரம் ஆசிரியர் ஒரு செப்புத் தகடு கொண்டுவந்தார். பாதி கண்ணாடித்தாளால் மூடியிருந்தது, மீதியை வகுப்புக்கு வந்த பிள்ளைகள் எல்லோரும் மாதக்கணக்கில் தொட்டிருக்கிறார்கள். மூடியதைப் பிரித்தால் அந்தப் பாதி பளபளவென்று இருந்தது, தொட்ட பாதி திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தது. விரலில் எண்ணெயும் உப்பும் இருக்கிறது என்று இரண்டே வாக்கியத்தில் முடித்தார். நான் பத்து தடவை சொல்லியும் ஏறாதது அந்தத் தகட்டால் ஏறியது. வெளியே வரும்போது கைப்பிடியைக்கூட தொடாமல் வந்தான்.

வீட்டுப் பொருட்களில் என்ன நின்றது, என்ன போனது என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் இருபத்து நான்கு நிற வாட்டர் கலர் பெட்டி வாங்கினேன். அது வீண். பிள்ளைகள் பிரஷ்ஷைக் கழுவ மாட்டார்கள், பத்து நிமிடத்தில் எல்லாக் கிண்ணமும் சேற்று நிறம். பிறகு ஒரு நாளைக்கு இரண்டே நிறம் என்று மாற்றினோம். மஞ்சளும் நீலமும் மட்டும் கொடுத்தால் என்ன கலந்தாலும் பச்சைதான் வரும், சேறு வராது. எத்தனை பச்சை வருகிறது என்று அவர்களே எண்ண ஆரம்பித்தார்கள். மகள் பதினொன்று வரை போனாள், அதில் நான்குக்குப் பெயரும் வைத்தாள். தாளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பிரின்டருக்குப் போடும் 80 ஜிஎஸ்எம் தாள் (ஒரு சதுர மீட்டர் 80 கிராம் எடை) தண்ணீர் பட்டதும் அலையலையாக நெளிந்து, தேய்த்தால் கிழிந்துவிடும். 200-க்கு மேல் உள்ள தாள் தாங்கும். மெல்லிய தாளை கிரேயானுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜிகினாவை வீட்டுக்குள் விடாதீர்கள், அதற்குமேல் அதைப் பற்றிப் பேச எனக்குத் தெம்பு இல்லை.

எல்லாவற்றையும்விட மாற்றம் கொண்டுவந்தது பொருள் இல்லை, அது இருந்த உயரம். பொருட்களை அலமாரி மேல்தட்டில் பூட்டி வைத்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் இறக்கிய காலத்தில், ஞாயிறு மட்டும் வரைந்தார்கள். தாள், கிரேயான், கத்தரிக்கோல், பசை ஆகியவற்றைத் தம்பியின் இடுப்பு உயரத்துக்கு இறக்கிய பிறகு, காலையில் பல் தேய்க்கும் முன்பே ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். வண்ணக் குழம்பு மட்டும் இன்னும் மேல்தட்டில்தான். அந்த அளவுக்கு நான் பெரிய மனம் படைத்தவன் இல்லை.

இனி கொஞ்சம் எதிர்பாராத பாடம். மகள் வரைந்த ஒரு ஸ்கெட்ச் பேனாப் படத்தை ஜன்னலுக்கு எதிரில் ஒட்டியிருந்தோம். சில மாதத்தில் ஊதா வானம் வெளிறிய நீலமாகிவிட்டது, பூக்கள் காணாமல் போயின. அவளுக்கு அழுகை. அடுத்த வாரம் வகுப்பில் வான் கோவின் 'படுக்கையறை' படத்தின் அச்சுப் பிரதிகள். அந்த அறையை அவர் 1888-இல் ஒன்றும் 1889-இல் இரண்டுமாக மூன்று முறை தீட்டினார். மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்து வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொன்னார் ஆசிரியர். பிறகு, இன்று நீலமாகத் தெரியும் அந்தச் சுவர்கள் முதலில் வெளிர் ஊதா என்றும், ஊதாவிலிருந்த சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் மங்கிப்போனதால் நீலம் மட்டும் மிஞ்சியது என்றும் சொன்னார். மகள் எழுந்து நின்று, "எங்க வீட்லயும் அதேதான் நடந்துச்சு!" என்றாள். தாளில் வரைந்தவற்றை மியூசியங்களில் ஏன் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கலான வெளிச்சத்தில் வைக்கிறார்கள் என்பதை அதன் பிறகு அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இப்போது பிடித்த படங்களை ஜன்னல் இல்லாத சுவரில்தான் ஒட்டுகிறாள். அதற்கென்று அவளுடைய அம்மாவின் துணி அலமாரிக் கதவு போய்விட்டது.

குறைகளும் உண்டு. இரண்டாவது வகுப்பில் ஆசிரியர் நல்லவராக அமைந்தது அதிர்ஷ்டம். நடுவில் ஒரு பருவம் வேறொருவர் வந்தார், மறுபடி வெட்டி வைத்த துண்டுகள்தான், இந்த முறை மீன். ஆகவே மியூசியத்தின் பெயரைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். ஒரு வகுப்பு முழுக்க ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். காட்சிக்கூடத்துக்குள் எத்தனை நிமிடம், துண்டுகளை வெட்டுவது யார், இந்த இரண்டைப் பார்த்தாலே போதும். நான்கு வயதுக்குக் கீழே சேர்ப்பதை நான் சொல்ல மாட்டேன்; தம்பியை மூன்று வயதில் ஒருமுறை முயன்று, படிக்கட்டில் ஏறி இறங்கியே அந்த ஒன்றரை மணி நேரமும் போனது.

படங்கள் குவிவதற்கு ஆளுக்கு வருடத்துக்கு ஓர் அட்டைப்பெட்டி. பின்பக்கம் தேதி எழுதிவிடுவோம். நிரம்பினால் எதை எடுப்பது என்பது அவர்கள் முடிவு. மகள் தன் முதல் பெட்டியைப் போன மாதம் திறந்தாள். கிறுக்கல்களை எல்லாம் வைத்துக்கொண்டு, பத்திரமாக இருந்த அந்த ஆந்தையை எடுத்து என்னிடம் நீட்டினாள். "இது நான் செஞ்சது இல்லப்பா, இது நீங்க செஞ்சது."

அடுத்த பருவத்துக்குச் சின்னவனுக்கு மட்டும் பணம் கட்டியிருக்கிறேன். பெரியவள் வகுப்பு வேண்டாம் என்கிறாள். தம்பி உள்ளே இருக்கும் நேரத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு காட்சிக்கூடத்தில் உட்கார்ந்துகொள்வாளாம். உள்ளே பேனா விடமாட்டார்கள் என்பதால் அவளுக்காக இரண்டு பென்சில் சீவி வைத்திருக்கிறேன்.