அன்கி செயலி: ஆங்கிலப் பேச்சுச் சொற்களுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது?

'ஐ பாஸ்டு அவுட் இன் 2019' என்று இங்கிலாந்து ஆஸ்பத்திரி இன்டர்வியூவில் சொன்னால், கேட்பவர் காதில் '2019-ல் மயங்கி விழுந்தேன்' என்றுதான் விழும். வேலூரில் நர்ஸிங் முடித்து ஓ.ஈ.டி. (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதப் போகிறவர்களுக்கு மருத்துவச் சொற்கள் தண்ணீர் பட்ட பாடு. இடறுவது நோயாளி பேசுகிற வீட்டு ஆங்கிலம். 'வாமிட்டிங்' தெரியும், 'த்ரோயிங் அப்' தெரியாது. 'ஐ ஆம் ஆஃப் மை ஃபுட்' என்றால் சாப்பாடே இறங்கவில்லை. 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்' என்றால் கை கால் மரத்துப்போய்ச் சுருக் சுருக்கென்று குத்துவது. 'தி ரன்ஸ்' என்றால் பேதி. ஓ.ஈ.டி. பேச்சுத் தேர்வில் இரண்டு ரோல்-பிளே, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 நிமிடம். எதிரில் இருப்பவர் நோயாளியாகவோ உறவினராகவோ பேசுவார். அந்த நேரத்தில் அகராதி புரட்ட முடியாது.

இந்த மாதிரிச் சொற்களை மறக்காமல் வைத்துக்கொள்ளத்தான் அன்கி. 2006-ல் டேமியன் எல்ம்ஸ் உருவாக்கியது. ஜப்பானிய மொழியில் 'அன்கி' என்றால் மனப்பாடம். கம்ப்யூட்டரில் இலவசம். ஆண்ட்ராய்டு போனில் அன்கிட்ராய்டு என்று தேடுங்கள், அதுவும் இலவசம். ஐபோனுக்கு மட்டும் ஒரே தடவை 24.99 டாலர், அந்தக் காசு இல்லாவிட்டால் பிரவுசரில் அன்கிவெப் போதும். இதே பெயரை ஒட்டி வேறு செயலிகளும் கடையில் இருக்கின்றன. மாதச் சந்தா கேட்டால் நீங்கள் திறந்தது இதுவல்ல. போனில் இறக்கிய செயலி நெட் இல்லாமலும் ஓடும் என்பதால், காட்பாடியிலிருந்து பாகாயம் போகிற டவுன் பஸ்ஸிலேயே அன்றைய பாடத்தை முடிக்கலாம்.

வேலை எளிது. கார்டின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். நினைவிருந்ததா இல்லையா என்று நீங்கள் பட்டனைத் தட்டினால், எத்தனை நாள் கழித்து அதைத் திரும்பக் காட்டலாம் என்று செயலி கணக்குப் போடும். இந்தக் கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டெக் (கார்டுத் தொகுப்பு) ஆப்ஷனில் எஃப்.எஸ்.ஆர்.எஸ். என்ற புதுக் கணக்கு முறையை ஆன் செய்துவிடுங்கள்; 2023-ல் வந்தது, பழைய முறையைவிட நன்றாகக் கணிக்கிறது.

சறுக்கல் தொடங்குவது முதல் வாரத்திலேயே. நாளுக்கு 20 புதுக் கார்டு என்றுதான் செயலி தொடங்கும். ஒவ்வொரு புதுக் கார்டும் திரும்பத் திரும்ப வருமென்பதால், ஒரு மாதத்தில் தினமும் 150, 200 கார்டு வந்து நிற்கும். நைட் டியூட்டி பார்த்துவிட்டு வருகிறவரால் அது முடியாது; இரண்டு நாள் விட்டால் மலைபோல் குவிந்து, செயலியையே அழித்துவிடுவார்கள். எண்ணை 5-க்குக் குறைத்துவிடுங்கள். நாளுக்குக் கால் மணி நேரத்துக்குள் முடியும், மாதத்துக்கு 150 சொல் சேரும்.

அடுத்த தவறு, யாரோ செய்த ஆயிரம் சொல் டெக்கை இறக்கிக்கொள்வது. அதில் 'கம் ரவுண்ட்' என்று முன்பக்கம் இருக்கும், பின்னால் நாலு அர்த்தம் வரிசையாக இருக்கும். நாலில் இரண்டு நினைவுக்கு வந்தால் எந்தப் பட்டனைத் தட்டுவது? ஒரு கார்டுக்கு ஓர் அர்த்தம்தான் இருக்க வேண்டும், அதையும் நீங்களே எழுத வேண்டும். க்ளோஸ் (கோடிட்ட இடத்தை நிரப்புகிற) வகையைத் தேர்ந்தெடுத்து இப்படி எழுதிப் பாருங்கள்: 'ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்த பெரியவர் கண் திறக்கிறார். டாக்டருக்குப் போன். ஹி ஹேஸ் கம் ரவுண்ட்.' கடைசிச் சொல்லை மட்டும் தேர்ந்தெடுத்து, அடைப்புக்குறிக்குள் மூன்று புள்ளி உள்ள பட்டனைத் தட்டினால் அது மறைந்துவிடும். சூழ்நிலை தமிழில், வாக்கியம் ஆங்கிலத்தில். மயக்கம் தெளிந்தது என்ற காட்சியே சொல்லை இழுத்து வரும். வீட்டுக்கு வந்து எட்டிப் பார்ப்பது என்ற இன்னோர் அர்த்தத்துக்குத் தனிக் கார்டு.

வினையோடு ஒட்டுகிற சின்னச் சொற்கள் தமிழருக்கு அந்நியமும் இல்லை. 'சாப்பிடு'வுக்கும் 'சாப்பிட்டுவிடு'வுக்கும் என்ன வித்தியாசமோ, பெரும்பாலும் அதேதான் 'ஈட்' என்பதற்கும் 'ஈட் அப்' என்பதற்கும். 'யூஸ் அப்', 'ட்ரிங்க் அப்' எல்லாவற்றிலும் அந்த 'அப்' நம் 'விடு' செய்கிற வேலையைச் செய்கிறது. எல்லா இடத்திலும் இது பொருந்தாது. 'கோப் அப் வித்' என்று இங்கே பலரும் எழுதுகிறார்கள். அங்கே 'அப்' கிடையாது, 'கோப் வித்' மட்டும்தான்.

ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் கம்பெனிகளில் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்கு மெயில் எழுதுகிறவர்களுக்கு இது பணம் சம்பந்தப்பட்ட விஷயம். 'புட் ஆஃப்' என்றால் ஆர்டர் தள்ளிப்போகிறது; 'கால் ஆஃப்' என்றால் ரத்து. ஆனால் 'கால்-ஆஃப் ஆர்டர்' என்று பெயர்ச்சொல்லாக வந்தால், மொத்த ஒப்பந்தத்திலிருந்து தவணை தவணையாகச் சரக்கு கேட்பது. 'நாக் ஆஃப் 5 பர்சென்ட்' என்றால் விலையில் 5 சதவீதம் குறை. 'நாக்-ஆஃப்' என்றால் போலி. இவற்றை ஒரே நாளில் அடுத்தடுத்துச் சேர்க்காதீர்கள். ஒன்றோடொன்று குழம்பி இரண்டும் நிற்காது. ஒரு ஜோடிக்கு நடுவில் பத்து நாளாவது இடைவெளி விடுங்கள். 'புட் இட் ஆஃப்' போல 'இட்' நடுவில் வருகிற வாக்கியத்தையும் ஒரு கார்டாக்குங்கள். 'புட் ஆஃப் இட்' என்று எழுதினால் தவறு.

பட்டன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மறந்துபோனால் 'அகெய்ன்' மட்டும்தான். கூச்சப்பட்டு 'ஹார்டு' தட்டினால், கஷ்டப்பட்டாலும் நினைவுக்கு வந்தது என்று செயலி எடுத்துக்கொண்டு இடைவெளியை நீட்டிவிடும். ஒரே கார்டு 8 முறை தவறினால் 'லீச்' என்று முத்திரை விழும். அட்டைப்பூச்சி மாதிரி நேரத்தை உறிஞ்சுகிற கார்டு அது; அழித்துவிட்டு வேறு வாக்கியத்தில் புதிதாக எழுதுங்கள். இன்னொன்று: போனையும் கம்ப்யூட்டரையும் முதல்முறை இணைக்கும்போது 'அப்லோடா, டவுன்லோடா' என்று கேட்டால், கார்டுகள் எதில் இருக்கின்றன என்று பார்த்துத் தட்டுங்கள். மாற்றித் தட்டினால் அந்தக் கார்டுகள் மொத்தமும் போய்விடும்.

காது விஷயத்தில் அன்கி கை கொடுக்காது. போனின் இயந்திரக் குரலை வாசிக்க வைக்கலாம். ஆனால் வினையாக வரும் 'ஃபாலோ அப்'பில் அழுத்தம் 'அப்' மேல் விழுவதும், பெயர்ச்சொல்லாக வரும்போது 'ஃபாலோ' மேல் விழுவதும் மனிதக் குரலில்தான் பிடிபடும். ரோல்-பிளேக்கு எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

தேர்வுக்கு மூன்று மாதமாவது இருப்பவர்கள் இன்றே இறக்கிக்கொள்ளலாம். இரண்டு வாரத்தில் தேர்வு என்றால் வேண்டாம். அந்தப் பதினைந்து நாளும் தோழியோடு உட்கார்ந்து பேசிப் பழகுங்கள், அன்கி அதற்கப்புறம்.