கம்பியின் பிடியைக் கணிக்க: சமன்பாடா, மரமா, நரம்பு வலையா?

முல்லைத்தீவுக் கரைப்பக்கம் பாதியில் நின்றுபோன வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். தூண் தலையில் நாலு கம்பி வெளியே நீட்டிக்கொண்டு, உப்புக் காற்றில் துருப்பிடித்தபடி, மேல்மாடிக்குக் காசு வரட்டும் என்று நிற்கும். காசு வந்தால் முதல் கேள்வி இதுதான்: அந்தக் கம்பியோடு புதுக்கம்பியைப் பொருத்தினால் கொங்கிறீட் பிடித்து வைத்திருக்குமா, எவ்வளவு நீளம் விடவேண்டும்? மேசன் அண்ணையைக் கேட்டால் "விட்டத்தைப் போல நாற்பது மடங்கு விடு தம்பி, காணும்" என்பார். பொறியியலாளர் சமன்பாட்டைப் பார்ப்பார், இப்போது சிலர் பழைய சோதனைத் தரவில் கணினியைப் பழக்கி (இயந்திரக் கற்றல்) அதனிடமே கேட்கிறார்கள்.

சிரிக்க வேண்டாம். இலங்கையில் பலகாலம் புழங்கிய பிரித்தானியக் கொங்கிறீட் நியமம் பிஎஸ் 8110 படி, வரி போட்ட கம்பிக்கு இழுவிசையில் வடிவமைப்புப் பிணைப்புத் தகைப்பு, அதாவது கம்பியின் மேற்பரப்பில் கொங்கிறீட் பிடிக்கும் என்று கணக்கில் எடுக்கும் பிடி, கனசதுர வலிமையின் (கொங்கிறீட் கட்டியை நசுக்கிப் பார்க்கும் வலிமை) வர்க்கமூலத்தில் பாதி. 25 தரக் கொங்கிறீட்டுக்கு 2.5 மெகாபாஸ்கல் வரும். 460 தர 12 மில்லிமீற்றர் கம்பிக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 525 மில்லிமீற்றர், அதாவது 44 மடங்கு. அண்ணை நாலு மடங்குதான் குறைத்துச் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தச் சமன்பாட்டில் துருவுக்கு இடமே இல்லை. 1977இல் ஒராங்குன், ஜிர்சா, பிரீன் மூவரும் தந்த சமன்பாடு இன்னும் கொஞ்சம் விபரமானது. கம்பிக்கு மேல் எவ்வளவு கொங்கிறீட் மூடியிருக்கிறது (மூடுபடலம்), இரண்டு கம்பியும் சேர்ந்து போகும் பொருத்து எவ்வளவு நீளம், வளையக்கம்பி என்ன இடைவெளியில் என்பதையெல்லாம் அது கேட்கும். அதுவும் சோதனைத் தரவுகளுக்குக் கோடு பொருத்தி எடுத்ததுதான், அதனால் "சமன்பாடா இயந்திரக் கற்றலா" என்று சண்டை பிடிப்பதே ஒரு வகையில் தாத்தாவுக்கும் பேரனுக்கும் பஞ்சாயத்து வைப்பது மாதிரி.

சரி, பேரன்மாருக்கு வருவோம். சில நூறு சோதனைகள் மட்டும் கையில் இருந்தால் நான் முதலில் எடுப்பது மர வகை, அதாவது ஆம்-இல்லைக் கேள்விகளாகக் கிளை பிரிந்து விடைக்குப் போகும் முறை: ரண்டம் ஃபொரெஸ்ட் அல்லது எக்ஸ்ஜிபூஸ்ட். மூடுபடலம் தடிப்பானால் கம்பி வழுகிக்கொண்டு வரும், மெலிந்தால் கொங்கிறீட் பிளந்து போகும். இப்படி ஒரு கட்டத்தில் நடத்தையே மாறுகிற விசயத்தை மரம் இலகுவாகப் பிடித்துவிடும். எக்ஸ்ஜிபூஸ்டில் "மூடுபடலம் கூடினால் பிணைப்பு குறையக்கூடாது" என்று கட்டுப்பாடும் போடலாம், எனக்குப் பிடித்த வசதி அது. ஒரு பெரிய குறை, கண்ட எல்லைக்கு அப்பால் அதற்கு எதுவும் தெரியாது. 25 மில்லிமீற்றர் விட்டக் கம்பி வரைக்கும்தான் பழக்கியிருந்தால் 32க்கும் 25இன் விடையையே நீட்டும்.

மூளை நரம்புகளைப் பார்த்து அமைத்த நரம்பு வலை அந்த இடத்தில் இன்னும் மோசம், எல்லை தாண்டினதும் வளைந்து எங்கேயாவது போய்விடும், விடையை மட்டும் முழு நம்பிக்கையோடு சொல்லும். ஆயிரக்கணக்கில் தரவு இருந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம். காசியன் செயன்முறை என்ற புள்ளிவிபர முறை மெதுவானது, ஆனால் "இந்த இடத்தில் எனக்கு நிச்சயமில்லை" என்று தானே சொல்லும் ஒரே ஆள் இந்தக் கூட்டத்தில் அதுதான்.

உண்மையில் எந்தக் கணிப்பு முறை என்பதைவிடத் தரவை எப்படிப் பிரித்தீர்கள் என்பதில்தான் விசயமே இருக்கிறது. ஒரே ஆய்வுகூடத்தில் ஒரே கலவையில் வார்த்த கட்டிகளில் பாதி பயிற்சிக்கும் பாதி பரீட்சைக்கும் போனால், வினாத்தாளை முதல்நாளே காட்டிவிட்டு மார்க்ஸ் போடுவதுபோல. ஆர்-வர்க்கம் (கணிப்பு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.9க்கு மேல் வரத்தான் செய்யும். ஒரு ஆய்வை முழுசாக வெளியே வைத்துவிட்டுச் சோதித்துப் பாருங்கள், மரமும் வலையும் பழைய சமன்பாட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்பது ஆச்சரியமில்லை.

அப்புறம், அந்தத் தரவு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் இழுத்துப் பார்க்கும் சோதனை. கட்டியின் முகத்தில் தகடு வைத்து இழுக்கும்போது கம்பியைச் சுற்றியுள்ள கொங்கிறீட் நெருக்கப்படுகிறது, வளையில் (பீமில்) அதே கொங்கிறீட் இழுபட்டு வெடிக்கிறது. கொங்கிறீட் பிளக்காமல் கம்பி வழுகிவரும் உச்சத்துக்கு, நல்ல பிணைப்பு நிலையில், சர்வதேசக் கொங்கிறீட் வழிகாட்டியான மொடல் கோட் 2010 2.5 பெருக்கல் சராசரி வலிமையின் வர்க்கமூலம் என்கிறது. அந்த வலிமை 25 என்றால் 12.5 மெகாபாஸ்கல், மேலே போட்ட வடிவமைப்பு எண்ணைப்போல ஐந்து மடங்கு! பாதுகாப்புக் குணகம் அதில் ஒரு பங்குதான். இழுவைச் சோதனையில் பழக்கிய கணிப்பு முறையின் விடையை வளைக்கு நேரே போடுகிறவரின் வீட்டில் நான் மேல்மாடியில் படுக்கமாட்டேன்.

துருக்கம்பித் தரவு இன்னும் சிக்கல். கூடத்தில் மின்சாரம் பாய்ச்சிச் சில கிழமைகளில் துருவேற்றிய கம்பியில் துரு ஓரளவு சீராகப் படரும், கடற்கரையில் வருசக்கணக்காகக் கிடந்த கம்பியிலோ குழிகுழியாக அரித்திருக்கும். இலேசான துரு பிடியைக் கொஞ்சம் கூட்டக்கூடச் செய்யும், உள்ளிருக்கும் துரு ஊதிக் கொங்கிறீட் வெடித்தபிறகுதான் பிடி விழும். வெடித்தபிறகான இந்தப் பகுதியில் மரத்தையும் நம்பமாட்டேன், வலையையும் நம்பமாட்டேன்.

அந்தத் தூண்களுக்கு? கம்பித் தூரிகையால் நன்றாகத் தேய்த்துவிட்டுக் கலிப்பரால் நாலைந்து இடத்தில் விட்டம் அளவுங்கள். 12 என்று போட்ட கம்பி 10.5 காட்டினால் குறுக்குப் பரப்பில் கிட்டத்தட்ட நாலில் ஒன்று போய்விட்டது, கணினியைத் திறக்கவே வேண்டாம். தூண் தலையை நல்ல கம்பி தெரியும்வரை உடைத்து, அங்கிருந்து பொருத்து விடுங்கள், நாற்பது இல்லை, ஐம்பது மடங்கு.