உடைந்த ஷட்டர் ஸ்பிரிங்: ஒன்றை மாற்றவா, எல்லாவற்றையுமா, கியரா, மோட்டாரா?

பெங்களூரில் கடை ஷட்டரோ வீட்டு கார் பார்க்கிங் ஷட்டரோ நேற்றுவரை ஒரு கையால் போனது இன்று இரண்டு பேர் சேர்ந்தாலும் அசையவில்லை என்றால் பெரும்பாலும் ஸ்பிரிங் போயிருக்கும். வந்து பார்க்கிற ஆளைப் பொறுத்து நான்கில் ஒரு பதில் வரும்: உடைந்ததை மட்டும் மாற்றுங்கள், எல்லா ஸ்பிரிங்கையும் மாற்றுங்கள், கியர் (கையால் சுற்றித் தூக்கும் பல்சக்கர அமைப்பு) போடுங்கள், மோட்டாரே போட்டுவிடுங்கள் சார். பத்தடிக்குப் பத்தடி வரை உள்ள சாதாரண ஷட்டர் என்றால் எல்லா ஸ்பிரிங்கையும் மாற்றி, கூடவே பேரிங்கும் போட்டுக்கொள்வதுதான் காசுக்குத் தகுந்த வேலை என்பது என் கட்சி.

அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் நான் கேட்ட விலை இது. ஒரு ஸ்பிரிங் மட்டும் என்றால் கூலியோடு 1,200 முதல் 1,800 ரூபாய். மூன்று ஸ்பிரிங், இரண்டு பக்கமும் பேரிங், கிரீஸ் எல்லாம் சேர்த்து 4,500 முதல் 6,000. கியராக மாற்ற 9,000 முதல் 13,000. பக்கவாட்டு மோட்டார் 18,000-இல் தொடங்கி 26,000 வரை. ஜிஎஸ்டி பில் வேண்டுமென்றால் இதன்மேல் 18 சதவீதம். இரவு பத்து மணிக்குக் கடையை மூட முடியாமல் நின்றுகொண்டு கூப்பிட்டால் விலை வேறு, அதைப் பேசிப் பயனில்லை.

ஒரு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவது ஏன் நிற்காது என்று புரிய, மேலே பெட்டிக்குள் நடப்பது தெரிய வேண்டும். உள்ளே ஒரு பைப் சுற்றாமல் நிற்கும், அதன்மேல் ஸ்பிரிங்குகள் கோத்திருக்கும். ஸ்பிரிங்கின் ஒரு முனை பைப்பில், மறுமுனை ஷட்டரின் தகட்டுப் பட்டைகள் சுற்றிக்கொள்ளும் டிரம்மில். ஷட்டரை இறக்கும்போது ஸ்பிரிங் முறுக்கேறும், தூக்கும்போது அந்த முறுக்குதான் பாரத்தைத் தாங்கும். பாரம் கொஞ்சநஞ்சமில்லை. பத்தடிக்குப் பத்தடி ஷட்டரில் 1.25 மில்லிமீட்டர் இரும்புத் தகடு என்றால் தட்டையாக விரித்த கணக்கிலேயே 90 கிலோ வருகிறது, பட்டையின் மடிப்பும் கோர்வையும் கீழே இருக்கிற கனமான ஆங்கிளும் சேர்ந்தால் நூறைத் தாராளமாகத் தாண்டும். மூன்று ஸ்பிரிங் பகிர்ந்து சுமந்த பாரத்தில் ஒன்று உடைந்தால் மற்ற இரண்டும் சேர்ந்து இழுக்கும், அவையும் அதே நாளில் மாட்டியவை, அதே எண்ணிக்கையில் முறுக்கேறி இறங்கியவை. புதிதாக ஒன்றைச் சேர்த்தால் புதியது நன்றாகத் தூக்கும், பழையது தளர்ந்தே இருக்கும், ஷட்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்து கைடு சேனலில் (பட்டைகள் ஏறி இறங்கும் பக்கத்துத் தடத்தில்) உரசும். அப்புறம் சில மாதத்தில் அடுத்தது உடையும், திரும்ப பெட்டியைக் கழற்றிப் பட்டையை இறக்கி மாட்ட வேண்டும், கூலி மறுபடி முழுதாகப் போகும். ஸ்பிரிங்கின் விலையைவிட இந்தக் கழற்றி மாட்டுகிற கூலிதான் நம் காசைத் தின்கிறது.

அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான் வீட்டு கராஜ் கதவும் இதே கதைதான். அங்கே கதவு சுருளாமல் மடிந்து மேலே போகும், கதவுக்கு மேலே குறுக்காக முறுக்கு ஸ்பிரிங் இருக்கும். அங்கே சாதாரண ஸ்பிரிங்குக்குப் பத்தாயிரம் முறை திறந்து மூடும் ஆயுள் என்று கணக்குச் சொல்லி விற்கிறார்கள். ஒரு நாளைக்கு நான்கு முறை என்றால் ஏழு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு ஸ்பிரிங் உள்ள கதவில் ஒன்று போனால் இரண்டையும் மாற்றச் சொல்வதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். சில நூறு டாலர் ஆகும், அதில் ஆள் வந்து போகிற கூலி பெரும்பங்கு. நம்மூரில் எனக்குக் கிடைத்த எந்த பில்லிலும் ஆயுள் கணக்கு இருந்ததில்லை, "நல்லா வரும் சார்" மட்டும்தான். அதனால் கம்பியைப் பற்றிக் கேளுங்கள். மத்தியப் பொதுப்பணித் துறையின் ரோலிங் ஷட்டர் விவரக்குறிப்பில் ஸ்பிரிங் 27.5 சென்டிமீட்டர் நீளம், கம்பி ஐஎஸ் 4454 என்ற இந்தியத் தரம் என்றே எழுதியிருக்கிறது. இதைச் சொல்லிக் கேட்டால் குறைந்தபட்சம் எதிரில் இருப்பவர் நம்மை ஏமாளியாக நினைக்க மாட்டார்.

ஒரு ஸ்பிரிங் மட்டும் மாற்றுவது நியாயமாக இருக்கும் சந்தர்ப்பமும் உண்டு. ஷட்டர் போட்டு ஒன்றிரண்டு வருடம்தான் ஆகிறது, ஒன்று மட்டும் கொக்கி முனையில் முறிந்திருக்கிறது என்றால் அது அந்த ஸ்பிரிங்கின் குறை, மற்றவற்றைத் தொட வேண்டாம். உடைந்த துண்டைக் கையில் வாங்கிப் பாருங்கள், அதைக் காட்டாமல் கொண்டுபோகிற ஆள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

கியர் பெரிய ஷட்டருக்கு உரியது. மேலே சொன்ன அதே துறையின் விலைப்பட்டியலில் 10 சதுர மீட்டருக்கு மேல் போகும் ஷட்டருக்குத்தான் செயின், கிராங்க் அமைப்பு தனி உருப்படியாக வருகிறது. பத்துக்குப் பத்தடி 9.3 சதுர மீட்டர், பன்னிரண்டுக்குப் பத்தடி 11-ஐத் தாண்டிவிடும். கியர் போட்டால் பாரத்தை ஸ்பிரிங்குக்குப் பதில் கியர் சுமக்கும், உடைகிற தொல்லை போகும், ஆனால் காலையும் இரவும் நின்று சுற்ற வேண்டும். பால் பாக்கெட் வண்டி வந்து நிற்கும்போது சுற்றிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. குடோனுக்குச் சரி.

மோட்டாரில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இரண்டு வகை இருக்கிறது. பக்கவாட்டில் மாட்டி செயினால் இழுப்பது ஒன்று, பாரம் முழுவதையும் அதுவே தூக்கும், ஸ்பிரிங் வேண்டாம். இன்னொன்று நடு பைப்பில் மாட்டுவது, விலை குறைவு, ஆனால் அது ஸ்பிரிங்கை நம்பித்தான் ஓடுகிறது. "மோட்டார் போட்டுட்டா ஸ்பிரிங் தொல்லையே இல்லை" என்று சொல்லி நடு மோட்டாரை விற்றால் அது பச்சைப் பொய். தளர்ந்த ஸ்பிரிங்கோடு ஓட்டினால் மோட்டார் சூடேறிப் பாதியில் நிற்கும். மின்சாரம் தரும் பெஸ்காம் கரண்டை எடுத்துவிட்டால் நடு மோட்டாரைப் பிரேக் விடுவித்துக் கையால்தான் தூக்க வேண்டும், அதற்கும் ஸ்பிரிங் சரியாக இருக்க வேண்டும். பக்கவாட்டு மோட்டாரில் கைச்செயின் இருக்கும், மெதுவாக ஆனாலும் திறக்கும். வீட்டில் வயதானவர்கள் காரை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தால் பக்கவாட்டு மோட்டாருக்குச் செலவு செய்யலாம், நான் தடுக்க மாட்டேன். வாடகைக் கடையில் போடாதீர்கள், காலி பண்ணும்போது அது ஓனருக்கு நீங்கள் கொடுத்துவிட்டுப் போகிற சீர்.

எதைச் செய்தாலும் ஆள் கிளம்புவதற்குமுன் ஒரு சோதனை, நடு மோட்டார் மாட்டாத ஸ்பிரிங் ஷட்டருக்கு. இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, காலைத் தள்ளி வைத்துக்கொண்டு, கையை விடச் சொல்லுங்கள். அப்படியே நிற்க வேண்டும். சரிந்து விழுந்தால் முறுக்கு போதவில்லை, தானாக மேலே ஓடினால் அதிகம். நீங்களே பெட்டியைத் திறந்து முறுக்க வேண்டாம், முறுக்கேறிய ஸ்பிரிங் நழுவினால் விரல் போகும். அந்தச் சோதனையில் தேறிய பிறகு காசு கொடுங்கள், பில்லில் எத்தனை ஸ்பிரிங் மாற்றினார் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.