ரெட்மி நோட் 4ல் ஃபர்ம்வேரும் சிஸ்டம் ஃபைல்களும்: வருடக்கணக்கில் ஓட்டிப் பார்த்தால் நிற்பது எது, நிற்காதது எது

2017 ஜனவரியில் இந்தியச் சந்தைக்கு வந்த ரெட்மி நோட் 4 இன்றும் பல வீடுகளில் மேசை டிராயருக்குள் கிடக்கிறது, சில வீடுகளில் ஓடிக்கொண்டும் இருக்கிறது. ஸ்னாப்டிராகன் 625 சிப் எளிதில் சூடாகாது, சார்ஜும் நன்றாக நிற்கும். கம்பெனி கொடுத்த மென்பொருள்தான் ஆண்ட்ராய்டு 7, எம்ஐயுஐ 11 (ஆண்ட்ராய்டை மாற்றி ஷியோமி தரும் பதிப்பு) என்ற இடத்தில் நின்றுபோனது. அதற்குமேல் இந்த போனை ஓட்ட நினைத்தால் கஸ்டம் ரோம் (கம்பெனி தராமல் ஆர்வலர்கள் தயாரித்துத் தரும் ஆண்ட்ராய்டு) ஒன்றே வழி. அந்த வழியில் நாள்பட ஓட்டும்போது எங்கெங்கே இடறும் என்பதுதான் இங்கே எழுதியிருப்பது. கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறது. தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டவேண்டும்.

முதலில் கையில் இருப்பது எந்த நோட் 4 என்று பாருங்கள். இதே பெயரில் மீடியாடெக் ஹீலியோ எக்ஸ்20 சிப்போடு ஒரு மாடல் உண்டு, அதன் குறிப்பெயர் நிக்கெல். ஸ்னாப்டிராகன் மாடலின் குறிப்பெயர் மிடோ. ஏடிபி ஷெல்லில் (கணினியிலிருந்து கேபிள் வழியாகப் போனுக்குக் கட்டளை கொடுக்கும் இடம்) 'கெட்ப்ராப் ரோ.ப்ராடக்ட்.டிவைஸ்' என்று கொடுத்தால் எதுவென்று தெரிந்துவிடும். பெட்டியில் அச்சடித்த பெயரை நம்பி இறக்கிய ஃபைல் பாதி நேரம் தவறாகத்தான் இருக்கும்.

ரோம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சிஸ்டம் பார்ட்டிஷன், அதாவது ஆண்ட்ராய்டு குடியிருக்கும் சேமிப்புப் பகுதி. நாள்பட்ட தொல்லைகளில் பெரும்பகுதி அதற்குக் கீழே இருக்கும் ஃபர்ம்வேரிலிருந்து (வன்பொருளை நேரடியாக இயக்கும் மென்பொருள்) வருகிறது: மோடம் (நெட்வொர்க்), டிரஸ்ட்ஸோன் (பாதுகாப்பு), ஆர்பிஎம் (மின்சக்தி மேலாண்மை), கீமாஸ்டர் (மறைகுறிச் சாவிகள்) என்று தனித்தனிப் பார்ட்டிஷன்களில் உட்கார்ந்திருக்கும் சங்கதிகள். கஸ்டம் ரோம் ஜிப்புகளில் பலவும் இவற்றைத் தொடுவதில்லை. ஆகவே பழைய எம்ஐயுஐயிலிருந்து நேரே புதிய ரோமுக்குத் தாவினால் மேலே புது ஆண்ட்ராய்டு, கீழே பழைய மோடம் என்ற நிலை வரும். வைஃபை பொத்தானைத் தட்டினால் திரும்ப அணைந்துகொள்ளும், செட்டிங்ஸில் கைரேகை என்ற பகுதியே காணாமல் போயிருக்கும், வோல்ட்இ (4ஜி வழியே பேசும் வசதி) அடையாளம் வராது. ரோம் சரியில்லை என்று திட்டிவிட்டு அடுத்த ரோமுக்குப் போவார்கள், அங்கேயும் அதே கதை. கடைசி எம்ஐயுஐயிலிருந்து பிரித்தெடுத்த ஃபர்ம்வேர் மட்டும் உள்ள ஜிப்பை ஒருமுறை ஃப்ளாஷ் செய்தால் (போனில் எழுதினால்) மூன்றும் ஒன்றாகச் சரியாவது வழக்கம்.

நெட்வொர்க் போய்விட்டால் 'அபவுட் போன்' பகுதியில் இரண்டு இடங்களைப் பாருங்கள். பேஸ்பேண்ட் வரியில் 'அன்னோன்' என்று இருந்தால் பெரும்பாலும் மோடம் ஃபர்ம்வேர் ஏறவில்லை, அதை மட்டும் மறுபடி ஃப்ளாஷ் செய்தால் போதும். பேஸ்பேண்ட் எண் சரியாக வந்து ஐஎம்இஐ (போனின் அடையாள எண்) மட்டும் காலியாகவோ 0 என்றோ இருந்தால் ஈஎஃப்எஸ் (அந்த எண்ணும் நெட்வொர்க் அமைப்புகளும் இருக்கும் பகுதி) கெட்டிருக்கிறது. அதற்கு மருந்து நீங்கள் முன்பே எடுத்து வைத்த பேக்கப்தான். பேக்கப் இல்லாதவர்களிடம் ஐஎம்இஐ எழுதித் தருகிறேன் என்று சொல்லும் கடைகள் உண்டு. இந்தியாவில் ஐஎம்இஐ எண்ணைத் திருத்துவது குற்றம்; 2017லேயே விதி வந்துவிட்டது.

ஆகவே எந்த ரோமுக்கும் முன்பு செய்யவேண்டிய வேலை இது. டிடபிள்யூஆர்பி ரெக்கவரிக்குள் (ஆண்ட்ராய்டுக்கு வெளியே ஓடி, ரோம் போடவும் பேக்கப் எடுக்கவும் உதவும் கருவி) போய் 'மோடம்எஸ்டி1', 'மோடம்எஸ்டி2', 'எஃப்எஸ்ஜி', 'பெர்சிஸ்ட்' நான்கையும் 'டிடி' கட்டளையால் தனித்தனி இமேஜ் ஃபைல்களாக எடுத்துவிடுங்கள். முதல் மூன்றும்தான் ஈஎஃப்எஸ். இருக்கும் இடம் 'டெவ்/பிளாக்/பூட்டிவைஸ்/பை-நேம்' ஃபோல்டர். எடுத்ததைக் கணினியில் ஒன்று, கிளவுடில் ஒன்று என்று வையுங்கள். போனிலேயே வைத்தால் 'ஃபார்மேட் டேட்டா' கொடுத்த நொடியில் போன பொருள். பெர்சிஸ்டை மட்டும் பலர் விட்டுவிடுகிறார்கள். சென்சார் அளவுத்திருத்தம் அங்கேதான் இருக்கிறது. அது கெட்டால் அழைப்பின்போது காதில் வைத்தாலும் திரை அணையாது, திரையும் சுழலாது. எத்தனை ரோம் மாற்றினாலும் அந்தக் கோளாறு கூடவே வரும்.

ஜியோ சிம் வைத்திருப்பவர்களுக்கு வோல்ட்இ இன்னும் முக்கியம். ஜியோவில் இறங்கிப்போக 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. வோல்ட்இ போனால் சாதாரண அழைப்பே கிடையாது. ரோம் போட்ட கையோடு *#*#4636#*#* அடித்து, அதில் ஐஎம்எஸ் (வோல்ட்இ அழைப்பை நடத்தும் சேவை) நிலை 'ரெஜிஸ்டர்டு' என்று காட்டுகிறதா பாருங்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

பூட்லோடர் அன்லாக் (வேறு மென்பொருளை ஏற்கும்படி போனின் தொடக்கப் பூட்டைத் திறப்பது) பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் எம்ஐ கணக்கைச் சேர்க்கும்போது வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் செய்யவேண்டும், அன்லாக் கருவி காட்டும் மணிக்கணக்கைக் காத்திருக்கவேண்டும், முடிந்ததும் போன் முழுதாகத் துடைக்கப்படும். வால்யூம் டவுனும் பவரும் சேர்த்து அழுத்தினால், பஞ்சுத்தொப்பி போட்ட முயல் ஆண்ட்ராய்டு பொம்மையைப் பழுது பார்க்கும் படம் வரும். அதுதான் ஃபாஸ்ட்பூட், கணினியிலிருந்து இமேஜ்களை எழுதும் நிலை. அங்கே கணினி 'வெயிட்டிங் ஃபார் டிவைஸ்' என்றே நின்றால் டிரைவரைக் குறை சொல்லும் முன் யுஎஸ்பி 3 போர்ட்டிலிருந்து 2க்கு மாற்றிப் பாருங்கள். ரைசன் கணினிகளில் இது அடிக்கடி நடக்கும். நடுவில் ஒரு பழைய யுஎஸ்பி 2 ஹப் வைத்தாலே சரியாகிவிடும். மைக்ரோ யுஎஸ்பி போர்ட் ஆடிப்போன போனில் கேபிள் வழியாகப் பெரிய இமேஜ் எதையும் எழுதாதீர்கள். பாதியில் துண்டித்தால் கதை கந்தல். ஜிப்பை மெமரி கார்டில் வைத்து ரெக்கவரியிலிருந்து போடுவதே உத்தமம்.

எம்ஐயுஐ இருக்கும்போதே டிடபிள்யூஆர்பி போட்டு, அப்படியே போனை ரீஸ்டார்ட் செய்தால் அடுத்த முறை பழைய எம்ஐ ரெக்கவரிதான் வரும். பூட் ஆகும்போது 'ரெக்கவரி-ஃப்ரம்-பூட்' என்ற சிறு ஃபைலை வைத்து அது தன்னைத்தானே திரும்ப எழுதிக்கொள்கிறது. ஃப்ளாஷ் முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்யாமல் வால்யூம் அப், பவர் அழுத்தி நேரே ரெக்கவரிக்குள் போய்விடவேண்டும். பிறகு 'ஃபார்மேட் டேட்டா', அதாவது 'யெஸ்' என்று தட்டச்சு செய்யச் சொல்லும் அந்த ஆப்ஷன். வெறும் 'வைப்' செய்தால் எம்ஐயுஐயின் பழைய என்க்ரிப்ஷன் அப்படியே இருக்கும், புது ரோம் பாஸ்வேர்டு கேட்டு நிற்கும். அடுத்து ஃபர்ம்வேர், ரோம், ஜிஆப்ஸ் (கூகுள் ஆப்களின் தொகுப்பு) என்ற வரிசை. ஜிஆப்ஸை முதல் பூட்டுக்கு முன்பே போட்டுவிடவேண்டும். ஒருமுறை பூட் ஆன பிறகு போட்டால் அனுமதிகள் குழம்பி 'செட்டப் விசார்டு நின்றுவிட்டது' என்ற செய்தி விடாமல் வரும். 32 ஜிபி மாடலுக்கு 'பிகோ' என்ற மிகச் சிறிய தொகுப்பே தாராளம்.

ரோம் போடும்போது 'எரர் 7' வந்தால் ஜிப்புக்குள் இருக்கும் அப்டேட்டர் ஸ்கிரிப்டில் 'அசர்ட்' என்று தொடங்கும் வரியை அழித்துவிடச் சொல்லிப் பலர் வழி காட்டுவார்கள். செய்யாதீர்கள். அந்த வரி சரிபார்ப்பது இரண்டைத்தான்: இது மிடோதானா, கீழே உள்ள ஃபர்ம்வேர் தேவையான பதிப்பா. வரியை அழித்தால் எச்சரிக்கை மணியைக் கழற்றிவிட்டதாக ஆகும், காரணம் அங்கேயே இருக்கும். 'வெண்டர் மவுண்ட் ஆகவில்லை' என்று வந்தால் அது வேறு விஷயம். மிடோவில் பிறவியிலேயே வெண்டர் பார்ட்டிஷன் கிடையாது. டிரெபிள் ரோம்கள் (வன்பொருள் சார்ந்த ஃபைல்களை வெண்டர் என்று தனியாகப் பிரித்து வைப்பவை) எம்ஐயுஐயின் 'கஸ்ட்' பார்ட்டிஷனை வெண்டராக மாற்றிப் பயன்படுத்துகின்றன. பழைய டிடபிள்யூஆர்பிக்கு இது தெரியாது. ரெக்கவரியைப் புதிதாக்கினால் தீர்ந்தது.

சிஸ்டம் ஃபைல்களுக்கு வருவோம். ஆர்வலர்கள் அதிகம் கை வைப்பது பில்ட்.ப்ராப் (சிஸ்டம் அமைப்புகளின் பட்டியல்) ஃபைலில்தான், ஏமாறுவதும் அதில்தான். 'வேகம் கூட்டும் 40 வரிகள்' என்று சுற்றிவரும் பட்டியல்களில் பாதிக்குமேல் ஆண்ட்ராய்டு 2, 3 காலத்தவை. 'விண்டோஸ்எம்ஜிஆர்.மேக்ஸ்_ஈவென்ட்ஸ்_பெர்_செக்' என்ற வரியை இப்போதைய ஆண்ட்ராய்டில் படிக்கவே ஆளில்லை. நீங்கள் எழுதலாம், அது அங்கே கிடக்கும், அவ்வளவே. திரையில் எழுத்துகளைச் சிறிதாக்கக்கூட ஃபைலைத் தொடவேண்டாம். ஷெல்லில் 'டபிள்யூஎம் டென்சிட்டி 420' போதும், பிடிக்காவிட்டால் 'ரீசெட்'.

இந்த போனில் உண்மையிலேயே பலன் தரும் வரி ஒன்று உண்டு: 'பெர்சிஸ்ட்.கேமரா.ஹெச்ஏஎல்3.எனேபிள்ட்=1'. நடுவில் வரும் ஹெச்ஏஎல் மூன்று எழுத்தும் பெரிய எழுத்தில் இருக்கவேண்டும். கேமரா2 ஏபிஐ (ஆப்களுக்குக் கேமராவின் முழுக் கட்டுப்பாடு தரும் வழி) இதனால் திறக்கும், ஜிகேம் (கூகுளின் கேமரா ஆப்) ஓடும், மங்கலான வெளிச்சத்தில் படம் ஏணி வைத்தாலும் எட்டாத அளவுக்கு மேம்படும். இதற்கும் பில்ட்.ப்ராப் தேவையில்லை. 'பெர்சிஸ்ட்' என்று தொடங்கும் மதிப்புகளை ரூட் (முழு அதிகாரம் உள்ள) ஷெல்லில் 'செட்ப்ராப்' கொடுத்தால் டேட்டா பார்ட்டிஷனில் சேமித்துக்கொண்டு ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் நினைவில் வைத்திருக்கும்.

கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டிய ஃபைல் 'மிக்ஸர்_பாத்ஸ்_எம்டிபி.எக்ஸ்எம்எல்'. ஹெட்போன் சத்தம் குறைவு என்று வால்யூம் பூஸ்டர் ஆப் போடுவதைவிட இது நேர்வழி. அதற்குள் 'ஆர்எக்ஸ்1 டிஜிட்டல் வால்யூம்', 'ஆர்எக்ஸ்2 டிஜிட்டல் வால்யூம்' என்று வரும். 84 என்றால் 0 டெசிபல், அதற்குமேல் ஒவ்வொரு எண்ணும் ஒரு டெசிபல். ஃபைலின் தலைப்பகுதியில் இருப்பது தொடக்க மதிப்பு மட்டும். ஹெட்போன் பாதைக்கென்று கீழே தனிப் பகுதி இருந்து அதில் அதே பெயர் வந்தால், அந்த எண்தான் செல்லும். 86, 88 என்று இரண்டிரண்டாக ஏற்றிப் பாருங்கள். ஏற்கெனவே உச்சத்தில் பதிவான பாட்டுக்கு மேலும் டெசிபல் கூட்டினால் அலையின் தலை வெட்டுப்படும். 90ஐத் தாண்டினால் தவில் அடி தகர டப்பா அடியாகிவிடும். மைக்குக்கு 'டெக்1 வால்யூம்', அதே கணக்கு. மேற்கோள்குறி ஒன்றை மூடாமல் விட்டால் ஃபைல் முழுதும் படிக்கப்படாது, போனில் சத்தமே இருக்காது. (எதிர்முனையில் குரல் கேட்கவில்லை என்றால், ஃபைலுக்குப் போகும் முன் கீழ்ப்பக்க கிரில்லை மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். இரண்டு கிரில் இருந்தாலும் ஒன்றில்தான் ஸ்பீக்கர், மற்றதில் இருப்பது மைக். அங்கே அடைத்திருக்கும் பாக்கெட் பஞ்சுக்கு டெசிபல் கூட்டிப் பயனில்லை.)

திருத்தம் சரியாக இருந்தும் பூட்லூப் (போன் எழாமல் திரும்பத் திரும்பத் தொடங்குவது) வருவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். விண்டோஸ் நோட்பேடில் திருத்திச் சேமித்ததில் வரிமுடிவு விண்டோஸ் முறைக்கு மாறியிருக்கும். ஒவ்வொரு மதிப்பின் வாலிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ளும். நோட்பேட்++ல் யூனிக்ஸ் எல்எஃப் என்று வைத்துச் சேமியுங்கள். அடுத்தது அனுமதி: 0644 (எல்லோரும் படிக்கலாம், உரிமையாளர் மட்டும் எழுதலாம்), உரிமையாளர் ரூட். மூன்றாவது எஸ்ஈலினக்ஸ் (எந்த ஃபைலை யார் தொடலாம் என்று காவல் காக்கும் பாதுகாப்பு) முத்திரை. மெமரி கார்டிலிருந்து நகலெடுத்து வைத்த ஃபைலுக்குப் பழைய முத்திரை வராது, 'ரெஸ்டோர்கான்' கொடுக்கவேண்டும்.

இந்த மூன்று தலைவலியும் குறையவேண்டுமானால் சிஸ்டம் பார்ட்டிஷனை நேராகத் தொடுவதையே விட்டுவிடலாம். ரோமிலிருக்கும் பூட் இமேஜை மேஜிஸ்க் (போனில் ரூட் அதிகாரம் தரும்) ஆப்பில் பேட்ச் செய்து ஃபாஸ்ட்பூட்டில் போட்ட பிறகு, 'டேட்டா/ஏடிபி/மாட்யூல்ஸ்' என்ற இடத்தில் உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் திறந்து, உள்ளே 'மாட்யூல்.ப்ராப்' எழுதி, மாற்றவேண்டிய ஃபைலை மூலத்தில் இருக்கும் அதே பாதையில் வையுங்கள். பூட் ஆகும்போது அசல் ஃபைலின் மேல் இது போர்வைபோல விரியும். ரோமைப் புதுப்பித்தால் சிஸ்டம் முழுதும் புதிதாக எழுதப்படும், நேரடித் திருத்தங்கள் துடைத்தெறியப்படும். மாட்யூல் டேட்டாவில் இருப்பதால் தப்பிக்கும். மேஜிஸ்க்கை மட்டும் பூட் இமேஜில் திரும்பப் போட்டுக்கொள்ளவேண்டியிருக்கும். போன் எழவில்லையா, ரெக்கவரியில் அந்த ஃபோல்டருக்குள் 'டிசேபிள்' என்ற வெற்று ஃபைலை உருவாக்கினால் அடுத்த பூட்டில் அந்த மாட்யூல் ஒதுங்கிவிடும்.

எந்த ஆண்ட்ராய்டு பதிப்பில் நிறுத்துவது? மிடோ 3.18 கெர்னலோடு (ஆண்ட்ராய்டின் அடிக்கரு) பிறந்தது. ஆண்ட்ராய்டு 12 முதல் ஈபிபிஎஃப் (நெட்வொர்க் பயன்பாட்டைக் கணக்கிட உதவும் கெர்னல்) வசதி கட்டாயமானதால், புதிய ரோம்கள் 4.9 கெர்னலுக்குத் தாவின. 4 ஜிபி மாடலில் அவை பரவாயில்லாமல் ஓடும். 3 ஜிபி மாடலில் வாட்ஸ்அப்பிலிருந்து கேமராவுக்குப் போய்த் திரும்பினால் வாட்ஸ்அப் முதலிலிருந்து திறக்கும். பாட்டு, வழிகாட்டி, அழைப்பு என்று மட்டும் போதுமானால் 3 ஜிபிக்கு ஆண்ட்ராய்டு 11 தான் இதமானது; பாதுகாப்பு பேட்ச் புதிதாக வேண்டுமானால் அந்த மந்தத்தைச் சகித்துக்கொள்ளவேண்டும். 2 ஜிபி மாடலுக்கு இந்தப் பாடே வேண்டாம்.

வங்கி, யுபிஐ ஆப்கள் விஷயத்தில் நம்பிக்கை வைக்காதீர்கள். அன்லாக் ஆன போனை கூகுளின் ப்ளே இன்டெக்ரிட்டி சோதனை கண்டுகொள்ளும். மறைக்கும் மாட்யூல்கள் இன்று வேலை செய்யும், அடுத்த மாதம் செய்யாது. பணம் புழங்கும் ஆப்களை வேறு போனில் வைத்துக்கொள்வதே மேல்.

திரும்ப எம்ஐயுஐக்குப் போக நினைத்தால் எம்ஐஃப்ளாஷ் (கணினியிலிருந்து எம்ஐயுஐ எழுதும் ஷியோமி மென்பொருள்) கருவியின் அடிவரிசையைப் பார்க்காமல் 'ஃப்ளாஷ்' அழுத்தாதீர்கள். அங்கே முன்னிருப்பாக 'க்ளீன் ஆல் அண்ட் லாக்' தேர்வாகி இருக்கும். அப்படியே விட்டால் பூட்லோடர் பூட்டிக்கொள்ளும், அன்லாக் வேலையை மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

கடைசியாக, மென்பொருளால் தீராத ஒன்று. சார்ஜ் 30 சதவீதத்தில் இருக்கும்போதே போன் பொசுக்கென்று அணைந்தால் கெர்னலை மாற்றாதீர்கள், பேட்டரியை மாற்றுங்கள். மிடோவுக்கு உரியது பிஎன்43. பிஎன்41 மீடியாடெக் மாடலுடையது. திரையின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தால் பேட்டரி உப்பிவிட்டது, அதற்குமேல் சார்ஜ் போடக்கூடாது. சார்ஜிங் போர்ட்டுக்கு இருபுறமும் உள்ள இரண்டு திருகுகளைக் கழற்றி, பிளாஸ்டிக் அட்டையால் ஓரத்தை நெம்பினால் பின்மூடி வரும். வேகமாகப் பிடுங்காதீர்கள்; கைரேகை சென்சாரின் மெல்லிய கேபிள் மூடிக்கும் போர்டுக்கும் நடுவே ஒட்டியிருக்கும். அதை விடுவித்த பிறகுதான் மூடியை எடுக்கவேண்டும். அறுந்தால், மேலே சொன்ன 'கைரேகை பகுதியைக் காணோம்' கோளாறு எந்த ஃபர்ம்வேர் போட்டாலும் தீராததாக வந்து நிற்கும்.