வியாழக்கிழமை டாக்டரும் பச்சை மூடி ட்யூபும் – ஊருக்குப் போன கதை

லெஸ்டர்ல இருந்து அஞ்சு வாரம் லீவு போட்டு ஊருக்குப் போயிட்டு வந்தேன், அக்கா பொண்ணு கல்யாணம். ஊர் பேர் வேணாம், மதுரைக்குத் தெக்க ஒரு சின்ன டவுன்னு வச்சுக்கங்க. கல்யாணத்தைப் பத்தி எழுத வரல. போன எடத்துல மாத்திரைக்கும் டெஸ்ட்டுக்கும் அலைஞ்சதத்தான் எழுதணும்னு தோணுச்சு, என்னை மாதிரி வெளிநாட்ல இருந்து மனநல மாத்திரையோட ஊருக்குப் போறவங்க நிறைய பேர் இருப்பாங்க, யாரும் வெளிய சொல்றதில்ல.

எனக்கு பைபோலார், மனசு ஒரேடியா ஏறி ஒரேடியா எறங்குற மனநோய். 2009ல முதல் தடவை வந்துச்சு, அப்ப நான் ஊர்லதான் இருந்தேன், மூணு நாள் தூங்காம தெருவுல நின்னு பேசிட்டே இருந்தேனாம். வீட்ல முதல்ல குணசீலம் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய் 48 நாள் தங்க வச்சாங்க, அதுக்கப்புறம்தான் டாக்டர். இப்ப பல வருஷமா அதுக்கு லித்தியம்னு ஒரு மாத்திரை, ராத்திரி 800 மில்லிகிராம். சொந்தக்காரங்ககிட்ட தைராய்டு மாத்திரைன்னு சொல்லி வச்சிருக்கோம். அது முழுப் பொய்யும் இல்ல, லித்தியம் போட்டுப் போட்டு எனக்குத் தைராய்டு கொறஞ்சு அதுக்கும் ஒரு மாத்திரை போடறேன்.

தப்பு என்னோடதுதான். கிளம்புறதுக்கு முன்னாடி இங்க நர்ஸ் படிச்சுப் படிச்சு சொன்னாங்க, மாத்திரை எல்லாத்தையும் கையில எடுத்துட்டுப் போற பைல வைங்கன்னு. நான் கல்யாணச் சாமான், சாக்லேட், அது இதுன்னு அடுக்குற அவசரத்துல நாலு நாள் மாத்திரைய மட்டும் டப்பால போட்டு கையில வச்சுக்கிட்டு மத்தத பெரிய பெட்டில போட்டுட்டேன். மதுரைல எறங்குனா பெட்டி வரல. "ரெண்டு நாள்ல வந்துரும் சார்"னு ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிட்டாங்க. வந்தது பன்னெண்டாவது நாள்.

மறுநாளே தெருமுனை மெடிக்கலுக்குப் போனேன். நான் போடறது ப்ரியாடெல்னு ஒரு பிராண்டு, அது அங்க கிடையாது. காலி அட்டையக் காட்டுனேன், கடைத் தம்பி போன்ல தேடிப் பாத்துட்டு "லித்தியம்தானே அண்ணே, இருக்கு"ன்னு சொல்லி எடுத்துப் போட்டான். சீட்டு கேக்கல, எதுக்குன்னு கேக்கல. அட்டையத் திருப்பிப் பாத்தா 300 மில்லிகிராம், சாதாரண மாத்திரை. நான் போடறது 400, மெதுவா கரையற எஸ்.ஆர். வகை, ராத்திரிக்கு ரெண்டு. சொன்னேன். அவன் யோசிக்கவே இல்ல: "மூணா போட்டுக்கங்கண்ணே, 900 வரும், நூறுதானே கூட."

நூறுதானே கூட! இங்கிலாந்துல எனக்கு ஒரு ஊதாக் கலர் புக்கு குடுத்திருக்காங்க, லித்தியத்துக்குன்னே, ஒவ்வொரு டெஸ்ட்டும் அதுல ஏறும். லித்தியம் அளவு முதல் வருஷம் மூணு மாசத்துக்கு ஒருக்க, அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒருக்க; கிட்னி, தைராய்டு, கால்சியம் ஆறு மாசத்துக்கு ஒருக்க. பிராண்டு மாத்துனாலே திரும்ப ரத்தம் பாப்பாங்க, ஏன்னா ஒவ்வொண்ணும் ஒடம்புல ஒவ்வொரு மாதிரி கரையும். ரத்தத்துல 0.6ல இருந்து 0.8க்குள்ள இருந்தா நல்லது, சிலருக்கு 1 வரைக்கும் விடுவாங்க, 1.5 தாண்டுனா விஷம். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவுல அவ்ளோதான் எடம். ஆனா தம்பிய மட்டும் திட்டி என்ன செய்ய, விலையக் கேட்டதும் நானே ஒரு நிமிஷம் மயங்கிட்டேன், இங்க சீட்டு மருந்து ஒண்ணுக்கு மத்தவங்க பத்து பவுண்டு கிட்ட கட்டுறாங்க, அங்க ஒரு அட்டை ஒரு பிளேட் பரோட்டா காசு கூட வரல. வாங்காம வந்துட்டேன்.

அன்னைக்கு ராத்திரி 14416க்கு போன் அடிச்சேன், டெலி-மானஸ்னு 2022 அக்டோபர்ல ஆரம்பிச்ச கவர்மென்ட் மனநல லைன், காசு கிடையாது. எடுத்த பொண்ணு நல்லா தமிழ்லயே பேசுச்சு, மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கு, தூக்கம் எப்படி, இதுக்கு முன்னாடி நிறுத்தி ஏதாவது ஆகிருக்கான்னு வரிசையாக் கேட்டுச்சு. எங்க ஊர் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வாரத்துல ஒரு நாள், வியாழக்கிழமை, மாவட்ட மனநலத் திட்டத்துல இருந்து டாக்டர் வர்றாங்கன்னு அதுதான் சொல்லுச்சு. அதே ஊர்ல அம்பது வருஷமா இருக்கற எங்க அம்மாவுக்கு இது தெரியாது.

வியாழக்கிழமை காலைல எட்டு மணிக்குப் போயாச்சு. ஓ.பி. சீட்டு போட்டு, பிரசவ வார்டுக்குப் பின்னாடி ஒரு ரூம், வெளிய பெஞ்சுல முப்பது பேர் இருப்பாங்க. எல்லார் கையிலயும் நாப்பது பக்க நோட்டு ஒண்ணு, அதுலதான் எழுதித் தர்றாங்க. ரூமுக்குள்ள டாக்டரம்மா ஒருத்தர், சோசியல் வொர்க்கர் ஒருத்தர், ஒரே மேசை, ஒருத்தர் பேசும்போதே அடுத்தவங்க வந்து பக்கத்துல நின்னுட்டு இருக்காங்க. எனக்கு முன்னாடி இருந்த பையன் தன் காதுல கேக்குற குரலப் பத்தி சொல்லிட்டு இருந்தத நான் பூரா கேட்டுட்டேன், கேக்கக் கூடாதுதான், ஆனா எங்க போறது. என் முறை வந்தப்போ எனக்குப் பின்னாடி நின்ன ஆளுக்கும் என் கதை தெரிஞ்சிருக்கும்.

ஆனா அந்தம்மா கேட்ட கேள்வி இருக்கே. அஞ்சு நிமிஷம் கூட இருக்காது, என்ன டோஸ், எத்தனை மணிக்கு, கடைசி லெவல் எவ்வளவு, கிட்னி எப்படி, பிரஷர் மாத்திரை ஏதாவது போடறீங்களா, வலி மாத்திரை போடற பழக்கம் உண்டா. அப்புறம் கேட்டாங்க: "வீட்ல சமையல்ல உப்பு எப்படி?" நான் முழிச்சேன். அம்மாவுக்கு பிரஷர், அதனால வீட்ல அரை உப்பு சமையல்தான், ரெண்டு நாளா அதைத்தான் சாப்பிடறேன். "இந்த வெயில்ல வேர்த்துக் கொட்டி, உப்பும் கொறைச்சா கிட்னி உப்ப விடாமப் பிடிச்சு வைக்கப் பாக்கும், லித்தியமும் ஒரு உப்புதான், அதையும் சேத்துப் பிடிச்சு வச்சுக்கும், லெவல் ஏறும். உங்க சாப்பாட்டுக்கு மட்டும் எப்பவும் போல உப்பு போடச் சொல்லுங்க, நீர்மோர் குடிங்க"ன்னாங்க. லெஸ்டர்ல யாரும் எனக்கு நீர்மோர் எழுதிக் குடுத்ததில்ல.

அங்க ஃப்ரீயா குடுக்கறது 300 மட்டும்தான். 400 எஸ்.ஆர். வெளிய வாங்கிக்கங்கன்னு எழுதிக் குடுத்து, மெல்லக்கூடாது, பொடிக்கக்கூடாது, பிராண்டு மாறுறதால ஒரு வாரம் கழிச்சு லெவல் பாக்கணும், பெட்டி வந்தாலும் திரும்பப் பழசுக்குத் தாவாதீங்க, ஊர்ல இருக்கற வரைக்கும் இதையே போடுங்கன்னாங்க. சோசியல் வொர்க்கர் தன் நம்பரக் குடுத்தார். மாத்திரை மதுரைலதான் கிடைச்சுது, மாமா பைக்ல போய் வாங்கிட்டு வந்தார், மூணாவது கடைல.

அடுத்த வெள்ளிக்கிழமை ரத்தம். தாலுகா ஆஸ்பத்திரில லித்தியம் பாக்க வசதி இல்ல, பிரைவேட் லேப். வீட்டுக்கே வந்து எடுக்கறோம்னு காலைல ஆறு மணிக்கு ஒரு பையன் வந்து காலிங் பெல் அடிக்கிறான். நான் ராத்திரி பத்து மணிக்கு மாத்திரை போட்டவன், பன்னெண்டு மணி நேரம் கழிச்சு காலைல பத்து மணிக்குத்தான் எடுக்கணும், முன்னாடியே எடுத்தா கூடத்தான் காட்டும். "வெறும் வயித்துல எடுத்தாதான் கரெக்டா இருக்கும் சார்"னு அவன் எனக்குப் பாடம் எடுக்கறான். சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லப்பான்னு சொல்லி அனுப்பி வச்சேன். பத்து மணிக்கு வேற ஒரு பையன் வந்தான், பையத் துழாவுனான், "செவப்பு தீந்துருச்சு"ன்னு தனக்குத்தானே முனகிக்கிட்டு ஒரு பச்சை மூடி ட்யூப எடுத்தான். நான் அப்ப அத கண்டுக்கல.

சாயங்காலம் வாட்ஸப்ல ரிசல்ட். 2.6. கொட்டை எழுத்துல, பக்கத்துல ஸ்டார் போட்டு.

லேப்ல இருந்து போனும் வந்துருச்சு, உடனே டாக்டரப் பாருங்கன்னு. அக்கா அழ ஆரம்பிச்சுட்டா, மாமா கார் எடுக்க ஓடுறார், அம்மா "தைராய்டு அவ்ளோ ஏறிருச்சா"ங்கறாங்க. எனக்கு என்ன குழப்பம்னா, எனக்கு ஒண்ணுமே இல்ல. 2.6 இருந்தா நான் இந்நேரம் வாந்தி எடுத்து, நாக்கு குழறி, நடக்க முடியாம கெடக்கணும், நான் ஊஞ்சல்ல உக்காந்து பஜ்ஜி சாப்பிட்டுட்டு இருந்தேன். சோசியல் வொர்க்கருக்கு அடிச்சேன், அவர் டாக்டர்கிட்ட குடுத்தார். அவங்க கை நடுங்குதா, பேதி ஆகுதா, தள்ளாடுதான்னு எல்லாம் கேட்டுட்டு, ஒரு செகண்டு நிறுத்தி, "ட்யூப் மூடி என்ன கலர்?"னு கேட்டாங்க.

"பச்சை."

"ரைட்டு."

பச்சை மூடி ட்யூப்ல ரத்தம் உறையாம இருக்க உள்ள ஹெப்பாரின் தடவி இருப்பாங்களாம், அது பெரும்பாலும் லித்தியம் ஹெப்பாரின். அதாவது அளக்க வேண்டிய பொருள ட்யூப்லயே போட்டு வச்சு அளந்திருக்காங்க. இருந்தாலும் ஃபோன்ல முடிவு பண்ண முடியாது, இப்பவே வேற லேப்புக்குப் போய் செவப்பு மூடில குடுங்கன்னாங்க. மதுரைக்கே போய் குடுத்தோம், ராத்திரி எட்டு மணி வாக்குல 0.5 வந்துச்சு, மாத்திரை போட்டு இருபது மணி நேரம் ஆச்சுல்ல, அதுக்கு இது சரியான கணக்குதான்னாங்க. ரெண்டு நாள் கழிச்சு முறைப்படி பன்னெண்டு மணி நேரத்துல பாத்தப்போ 0.7. முதல் லேப்ல போய் சொன்னேன், காசத் திருப்பித் தர்றோம்னாங்க, ட்யூப் விஷயம் அவங்களுக்குப் புரிஞ்ச மாதிரி தெரியல.

இதோட முடிஞ்சிருக்கணும். முடியல. கல்யாணத்துக்கு மொத நாள் முறுக்கக் கடிச்சு கடவாப்பல் வலி உயிர் போகுது. நான் மேடை வேலைல இருந்தேன், மச்சான் ஒருத்தன் மெடிக்கல்ல போய் "பல்வலிக்கு செட்டு" வாங்கிட்டு வந்துட்டான். ஊர்ல இருக்கறவங்களுக்கு செட்டு தெரியும், சின்ன காக்கிக் கவர்ல ஒரு மஞ்சள், ஒரு வெள்ளை, ஒரு கேஸ் கேப்சூல், அட்டையக் கத்தரிச்சுப் போட்டிருப்பாங்க, பேர் எங்க இருக்கோ அங்கதான் கத்தரி விழுந்திருக்கும். வலில நான் பாக்கவும் இல்ல. இவ்ளோ தெரிஞ்ச நானே நாலு நாள் காலைலயும் ராத்திரியும் போட்டேன், பட்டு வேட்டில வேர்த்து ஊத்துது, தண்ணி குடிக்க நேரமில்ல.

அஞ்சாவது நாள் காலைல அம்மா காபி குடுத்தாங்க. டம்ளர் டபராவுல மோதி கிணுகிணுன்னு சத்தம். முதல்ல அடுப்படில ஏதோன்னு நெனச்சேன், என் கைதான். கவரத் தேடி எடுத்து மிச்சமிருந்த துண்டு அட்டைய வெளிச்சத்துல பிடிச்சா பாதி பேர் இருக்கு, "…க்ளோஃபெனாக்". அசிக்ளோஃபெனாக். டைக்ளோஃபெனாக், இப்யூப்ரோஃபன் வகையறா, கிட்னி லித்தியத்த வெளிய தள்ளுறத இது கொறைக்கும், என் ஊதா புக்குலயே போட்டிருக்கு. அன்னைக்கே மதுரைல பாத்தேன், செவப்பு மூடிதானான்னு கேட்டுட்டுத்தான் கைய நீட்டுனேன். 1.4. இந்தத் தடவை நிஜம்.

செட்ட நிறுத்துங்க, வலிக்கு பாராசிட்டமால் மட்டும், இன்னைக்கும் நாளைக்கும் லித்தியம் வேணாம், நல்லா தண்ணி குடிங்க, வாந்தியோ குழறலோ வந்தா யோசிக்காம பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போயிருங்கன்னு டாக்டர் சொன்னாங்க. கிட்னி டெஸ்ட் நல்லாருந்துச்சு. மூணாவது நாள் 0.8க்கு எறங்குனதும் திரும்ப ஆரம்பிச்சாச்சு.

கடைத் தம்பிகிட்ட போய் நின்னேன், சண்டை போடற மூடுலதான் போனேன். அவன் முகத்தப் பாத்தா பாவமா இருந்துச்சு, "யாருமே பேர் கேக்க மாட்டாங்கண்ணே, கலர்தான் கேப்பாங்க"ன்னான். அதுவும் நெசம்தான். அதுக்கப்புறம் எனக்குக் குடுக்கும்போது மட்டும் கவர் மேல பேர் எழுதிக் குடுத்தான்.

இந்தக் கலாட்டால தைராய்டு கதை சொந்தக்காரங்ககிட்ட உடைஞ்சு போச்சு. அப்பாவோட தங்கச்சி, எங்க அத்தை, ரெண்டு நாள் ஒண்ணும் பேசல, மூணாம் நாள் மொட்டை மாடிக்கு வந்து முந்தானைல இருந்து ஒரு அட்டைய எடுத்துக் காட்டுச்சு. ஆல்பிரஸோலம். அத்தையோட வீட்டுக்காரர் செத்தப்ப தூக்கம் வரலன்னு ஒரு டாக்டர் பத்து நாளைக்கு எழுதிக் குடுத்தது, எட்டு வருஷமா அதே சீட்டக் காட்டி வாங்கிப் போடுது. இது கவர்மென்ட்டோட எச்1 கட்டுப்பாட்டுப் பட்டியல்ல இருக்கற மருந்து, 2014ல இருந்து யாருக்கு, எந்த டாக்டர் எழுதுனதுன்னு கடைல தனி ரிஜிஸ்டர்ல எழுதி மூணு வருஷம் வச்சிருக்கணும். அத்தை பேர் எந்த ரிஜிஸ்டர்லயும் இருக்காது. "உனக்கு வந்தது எனக்கும் வந்துருமோன்னு பயமா இருக்குடா, இன்னையோட நிறுத்திரட்டுமா"ன்னு கேட்டுச்சு. அய்யோ அத்தை, பட்டுன்னு நிறுத்தாதீங்க, ஃபிட்ஸே வரும், டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைப்பாங்கன்னு கெஞ்சி, கிளம்புறதுக்கு முந்துன வியாழக்கிழமை கூட்டிட்டுப் போனேன்.

அதே பெஞ்சு, அதே முப்பது பேர். அத்தை புது நாப்பது பக்க நோட்டுக்கு மஞ்சள் பொட்டு வச்சு மடில வச்சிருந்துச்சு. பக்கத்துல ஒரு அம்மா என்ன விஷயமா வந்தீங்கன்னு கேட்டாங்க.

"தைராய்டுக்கு"ன்னுச்சு அத்தை.

அந்தம்மாவும் தைராய்டுக்குத்தான் வந்திருந்தாங்களாம்.